ஸ்காக்வே குச்சி மண்டபம்: அதன் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவுக்குக் கப்பலில் சுற்றுலா போய் வந்தவர்களின் படங்களில் ஒரு கட்டடம் அநேகமாக இருக்கும். ஸ்காக்வே ஊரின் பிராட்வே தெருவில், முகப்பு முழுக்க மரக்குச்சிகளை ஆணியடித்துப் பதித்த மண்டபம். கடலோரம் ஒதுங்கிய 8,800-க்கும் மேற்பட்ட குச்சிகளைப் பொறுக்கி வந்து செய்த வேலை அது. கட்டியது ஆர்க்டிக் பிரதர்ஹுட் என்ற சகோதரச் சங்கம். படம் அருமையாக இருக்கும். அதற்குக் கீழே எழுதும் கதையில்தான் கோளாறு.

முதல் கோளாறு காலம். கனடாவின் யூகான் பகுதியில் நடந்த குளோண்டைக் தங்க வேட்டை உச்சத்தில் இருந்தபோது இந்தச் சங்கம் உருவானதாக எழுதுகிறார்கள். தங்கம் கிடைத்தது 1896 ஆகஸ்டில். பெருங்கூட்டம் மலைக்கணவாய்களைக் கடந்தது 1897-98இல். சங்கம் தொடங்கியதோ 1899 பிப்ரவரியில், வடக்கே போய்க்கொண்டிருந்த ‘சிட்டி ஆஃப் சியாட்டில்’ கப்பலில், பயணிகள் சிலர் கூடிப் பேசி. அந்த ஆண்டே கூட்டம் தங்கம் கிடைத்த இன்னொரு அலாஸ்கா ஊரான நோம் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. இந்த வரிசை மனதில் இருந்தால், ஸ்காக்வே ஊரையே ஆட்டிப்படைத்த மோசடிக்காரன் சோப்பி ஸ்மித்தை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைக்க மாட்டோம். அவன் 1898 ஜூலை 8 அன்றே சுடப்பட்டுச் செத்துவிட்டான்.

இதைவிடப் பெரிய தவறு, சங்கத்தின் கொள்கை வாசகத்தை அப்படியே நம்பிவிடுவது. ‘இங்கே எல்லைக்கோடு இல்லை’ என்பதுதான் அது. படித்தவுடன் மனம் நெகிழ்ந்து, சாதி மத இன பேதம் பார்க்காத சங்கம் என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் சொன்ன கோடு ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருந்த எல்லை. அப்போது ஸ்காக்வே யாருக்குச் சொந்தம் என்பதே வழக்கில் இருந்தது. கனடா அந்தக் கடற்கரையைக் கேட்டது. கணவாய் உச்சியில் கனடாவின் குதிரைப்படைப் போலீஸ் காவல் நின்றது. 1903இல் நடுவர் மன்றம் பெரும்பாலும் அமெரிக்கா பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் தகராறு ஓய்ந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அமெரிக்கர்களையும் பிரிட்டிஷ் குடிமக்களையும் (அப்போது கனடியர்களும் பிரிட்டிஷ் குடிமக்களே) ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, அலாஸ்காவின் நோமிலும் கனடாவின் டாசனிலும் கிளைகள் நடத்தியது நிஜமாகவே துணிச்சலான காரியம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உறுப்பினராக வெள்ளையராக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். தங்கம் தேடி வந்தவர்களின் மூட்டைகளைக் கணவாய் வழியே கூலிக்குச் சுமந்த டிலிங்கிட் மக்களுக்கு, அந்த மண்ணின் சொந்தக்காரர்களுக்கு, அங்கே இடமில்லை. பெண்களும் உறுப்பினராக முடியாது. வாசகத்தைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது பாதிப் பொய்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் வரும். அலாஸ்கா நேட்டிவ் பிரதர்ஹுட் என்பது வேறு சங்கம். பெயர் ஒலிப்பதைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அது 1912இல் பழங்குடி மக்களே தங்கள் குடியுரிமைக்காகத் தொடங்கியது. அதன் சகோதரி அமைப்பான நேட்டிவ் சிஸ்டர்ஹுட்டின் தலைவி எலிசபெத் பெராட்ரோவிச் சட்டமன்றத்தில் பேசி, 1945இல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வரக் காரணமானார். ஒன்று உள்ளே விடாதவர்களை மற்றொன்று திரட்டியது. இரண்டையும் கலப்பதைவிட மோசமான பிழை இந்த விஷயத்தில் இல்லை என்பேன். டாசனில் பேர்பெற்ற யூகான் ஆர்டர் ஆஃப் பயனியர்ஸ் சங்கமும் வேறுதான். அது 1894இல், தங்க வேட்டைக்கு முன்பே, யூகானின் ஃபார்ட்டிமைல் என்ற ஊரில் பிறந்தது.

அப்புறம் டாசனில் உள்ள ‘டயமண்ட் டூத் கெர்ட்டீஸ்’ சூதாட்டக்கூடம். கால்களை வீசி ஆடும் நடனத்தைப் பார்த்துவிட்டு, தங்க வேட்டைக் காலத்திலிருந்தே நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டடம் இந்தச் சங்கம் கட்டியது, பழசுதான். சூதாட்டம் 1971இல் வந்தது.

ஸ்காக்வே முகப்பிலும் இரண்டு பக்கமும் தவறலாம். குச்சிகள் எல்லாம் ஆரம்ப காலத்தவை என்பதும் சரியில்லை, மொத்தமும் புதுசு என்பதும் சரியில்லை. 2004-05இல் எல்லாவற்றையும் கழற்றி, உளுத்துப்போன சுமார் 3,700 குச்சிகளுக்குப் பதில் புதியவை வைத்தார்கள். மிச்சம் 5,100-க்கு மேற்பட்டவை பழையவையே.

கடைசியாக, அமெரிக்க அதிபர் ஹார்டிங். 1923 ஜூலையில் ஸ்காக்வே வந்தபோது அவரைச் சங்கத்தில் கௌரவமாகச் சேர்த்தார்கள். இதை வைத்து அந்த ஆண்டில் சங்கம் செழிப்பாக இருந்ததாக எழுதுவதுண்டு. உண்மையில் கிளைகள் பலவும் அதற்குள் ஓய்ந்துபோயிருந்தன. ஹார்டிங்கும் ஆகஸ்ட் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்துபோனார்.