வெளிநாட்டு விருதுக்குப் படம் அனுப்பும்போது செய்யக்கூடாதவை

படிவத்தைக் கடைசி நாளில் நிரப்புவது, லிங்க்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். ஒருமுறை சூடு பட்டால் தானே புத்தி வந்துவிடும். இங்கே பேசப்போவது, ஒருமுறை செய்தாலே படத்தின் கதை முடிந்துவிடும் தவறுகளை.

வெளிநாட்டு விழாக்களுக்கு நம் படங்களிடம் ஓரவஞ்சனை இருக்கிறதா? இருக்கிறது. 1956-ல் கேன்ஸ் விழா 'பதேர் பாஞ்சாலி'க்குக் கொடுத்த விருதின் பெயர் 'சிறந்த மனித ஆவணம்'. சத்யஜித் ராய் ஷாட் ஷாட்டாகச் செதுக்கிய கதைப்படம் அவர்கள் கண்ணுக்கு ஆவணமாகத் தெரிந்திருக்கிறது. 1994-ல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' கேன்ஸ் பிரதானப் போட்டிக்குப் போனது. அடுத்த இந்தியப் படம் அங்கே போய்ச் சேர 2024 ஆயிற்று. ஆனால் இந்த வஞ்சனை யாரோ நாலு வெள்ளைக்காரர் மனசுக்குள் மட்டும் இல்லை, விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த வரியில் இருக்கிறது என்று படிக்காமல் போகிறவர்கள்தான் அடி வாங்குகிறார்கள்.

முதல் காட்சியைத் தாரை வார்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சலூட்டுவதும் இதுதான்.

கேன்ஸ் போட்டிக்கு நான்கு நிபந்தனைகள். படம் விழாவுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் தயாராகியிருக்க வேண்டும். சொந்த நாட்டுக்கு வெளியே ரிலீஸ் ஆகியிருக்கக் கூடாது. வேறெந்தச் சர்வதேச விழாவிலும் காட்டியிருக்கக் கூடாது. இணையத்தில் வந்திருக்கக் கூடாது.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். தமிழ்ப்படம் சென்னையில் வெளியாகும் அதே வெள்ளிக்கிழமை கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய், யாழ்ப்பாணம் எல்லாவற்றிலும் ஓடுகிறது. இரண்டாவது நிபந்தனை அன்றைக்கே போயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் ஓடியிருந்தால் விதிப்படி அடைபடாத கதவு, வெளிநாட்டு உரிமையைச் சேர்த்து விற்ற ஒரு கையெழுத்தில் அடைபடுகிறது. தயாரிப்பாளருக்கு அது வருமானம், தப்பில்லை. இயக்குநருக்குத் தெரிந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சின்னப் படங்களின் கதை வேறு. டிசம்பரில் படம் முடிகிறது. கையில் காசு இல்லை, மனசுக்குப் பொறுமை இல்லை. மாதாமாதம் விருது கொடுக்கும் ஏதோ ஒரு 'சர்வதேச' விழாவுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டி அனுப்புகிறார்கள். அந்த விழாவுக்குச் சில சமயம் திரைகூட இருக்காது, இணையத்திலேயே எல்லாருக்கும் ஓட்டிவிடுவார்கள். போஸ்டரில் ஒட்ட ஓர் இலை வளையம் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது நிபந்தனைகள் இரண்டும் ஒரே நாளில் காலி. மார்ச்சில் கேன்ஸுக்கு விண்ணப்பம் எழுதும்போதுதான் இது உறைக்கும்.

கோவா, திருவனந்தபுரம் போன்ற நல்ல விழாக்களுக்கும் இதே கணக்குதான். நவம்பரில் கோவாவில் காட்டிய படம் மே மாதக் கேன்ஸ் போட்டிக்கு ஆகாது. கேன்ஸில் காட்டிய படத்தையோ கோவா கம்பளம் விரித்துக் கூப்பிடும். இந்த ஒருவழிப்பாதைதான் ஓரவஞ்சனையின் நிஜமான முகவரி. திட்டலாம், திட்டவும் வேண்டும். அதற்காக அந்தப் பாதையில் எதிர்த்திசையில் வண்டியை ஓட்டக் கூடாது.

செய்ய வேண்டியது: முதலில் பெரிய கதவுகளைத் தட்டுங்கள். பெர்லினும் ராட்டர்டாமும் ஆண்டுத் தொடக்கத்தில், கேன்ஸ் மே மாதத்தில், லொகார்னோ ஆகஸ்டில், வெனிஸும் டொராண்டோவும் அதையடுத்து. எல்லாரும் கைவிரித்த பிறகு சின்ன விழாக்கள். அதுவரை படத்தைப் பாஸ்வேர்ட் போட்ட லிங்க்கில், பெயர் பதித்த வாட்டர்மார்க்கோடு, தேர்வாளர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜாரில் முடிவடையாத படங்களைத் தேர்வாளர்களுக்கு மூடிய அறையில் காட்டும் ஏற்பாடு உண்டு. அது பொதுக்காட்சி ஆகாது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' உலகுக்கு முதலில் தெரிந்தது 2021-ல், ராட்டர்டாமில். முதல் படத்துக்கே அங்கே டைகர் விருது, அந்த விழாவின் முதன்மைப் பரிசு. அதே ஆண்டு இந்தியாவின் ஆஸ்கர் படமாகவும் போனது.

ஒரே வாசலில் காத்துக் கிடப்பது

ஆஸ்கர் என்றாலே இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு படம் என்றே பலர் நினைக்கிறார்கள். 2022-ல் கூட்டமைப்பு குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'வை அனுப்பியது. 'ஆர்.ஆர்.ஆர்.', நாட்டுக்கு ஒரு படம் என்ற சர்வதேசப் பிரிவுக்கு வெளியே, எல்லாப் படமும் போட்டியிடும் பொதுப் பிரிவில் தன் வழியில் போய்ப் பாட்டுக்கான ஆஸ்கரை வாங்கி வந்தது. 2024-ல் கேன்ஸின் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ வாங்கிய பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' படத்தைக் கூட்டமைப்பு அனுப்பவில்லை. ஐரோப்பியப் படம் பார்ப்பது போலிருந்தது என்று நடுவர்கள் கருதியதாக அதன் தலைவரே பேட்டியில் சொன்னார். மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸுகளின் கதை அது! ஓரவஞ்சனைக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை போலும். அதே ஆண்டு இந்தி பேசும் 'சந்தோஷ்' படத்தைப் பிரிட்டன் தன் படமாக அனுப்பி, 15 படங்களின் சுருக்கப்பட்டியல் வரை கொண்டுபோனது.

பொதுப் பிரிவுக்கு வேண்டியது இது: லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, சிகாகோ, அட்லாண்டா, டாலஸ் ஆகிய ஆறில் ஏதாவது ஓரிடத்தில் தொடர்ந்து 7 நாள் டிக்கெட் விற்று ஓட வேண்டும். தினமும் குறைந்தது மூன்று காட்சி, அதில் ஒன்று மாலை 6-க்கும் இரவு 10-க்கும் இடையில் தொடங்க வேண்டும். தியேட்டருக்கு முன்னால் ஓடிடியில் வந்துவிட்டால் தகுதி போய்விடும். வேடிக்கை என்னவென்றால், டாலஸில் நம் படங்கள் வாரக்கணக்கில் ஓடுகின்றன. படிவம் போடத்தான் ஆள் இல்லை. விதிகள் வருடாவருடம் மாறும், அந்தந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் படியுங்கள்.

குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் கூட்டமைப்பின் தயவே வேண்டாம். முதுமலைப் பொம்மனையும் பெள்ளியையும் காட்டிய ஆவணக் குறும்படம் 2023-ல் அப்படித்தான் ஜெயித்தது. 40 நிமிடத்துக்குள் இருக்கும் கதைக் குறும்படத்துக்கு, ஆஸ்கர் தரும் அகாடமி அங்கீகரித்த விழா ஒன்றில் தகுதி தரும் பரிசை வாங்குவது ஒரு வழி. பெங்களூரு குறும்பட விழாவும் கேரளத்தின் குறும்பட, ஆவணப்பட விழாவும் அந்தப் பட்டியலில் வந்திருக்கின்றன. அதற்கு முன் யூடியூபில் ஏற்றினால் தீர்ந்தது.

தகுதிப் பட்டியலைக் கொண்டாடுவது

'சூரரைப் போற்று' இடம்பெற்ற ஆஸ்கர் தகுதிப் பட்டியலில் மொத்தம் 366 படங்கள். அது வரிசையில் நின்றவர்களின் கணக்கு.

கேன்ஸ் சந்தையைக் கேன்ஸ் விழா என்பது

விழாவோடு நடக்கும் பட வியாபாரச் சந்தையில் படம் காட்டுவது, காசு கட்டி எடுக்கும் வாடகை அரங்கு. தேர்வு அல்ல.

சப்டைட்டிலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

நாயகி நாயகனை 'மாமா' என்று கூப்பிடுகிறாள். சப்டைட்டில் 'அங்கிள்' என்கிறது. அடுத்த காட்சியில் முத்தம். தேர்வாளர் நெளிகிறார். அங்கே பெயரைப் போட்டால் போதும், அல்லது எதுவும் போடாமல் விடலாம்.

இதைவிடக் கொடுமை 'காலனி'. "காலனிப் பையனா நீ?" என்று ஊர்ப் பெரியவர் கேட்பதை அப்படியே 'காலனி' என்று ஆங்கிலத்தில் போட்டால், அவர்களுக்கு வெள்ளைக்கார ஆட்சி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் குடியிருப்பு வளாகம். தலித் குடியிருப்பு என்பதை அந்த வரியிலேயே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து விழும் அறை ஏன் என்றே புரியாது. பிறகு "கதையில் அழுத்தம் இல்லை" என்று பதில் வரும்போது அதற்கும் ஓரவஞ்சனை என்று பெயர் வைப்போம்.

கேன்ஸில் தேர்வானால் பிரெஞ்சு சப்டைட்டில் வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் ஆங்கிலத்திலிருந்துதான் பெயர்க்கப்படும், பிழை இரட்டிப்பாகும். ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, நொடிக்குச் சுமார் 17 எழுத்து. நம் வசன வேகத்துக்கு இது பத்தாது, ஆகவே எதை விடுவது என்று இயக்குநரே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பாட்டை வெட்டி அனுப்புவது

வேண்டாம். 'லகான்' 3 மணி 44 நிமிடம். ஆஸ்கர் இறுதிப் பரிந்துரையில் பாட்டோடுதான் இருந்தது.