சம்பளம் கூடினால் மருத்துவக் காப்பீடு போய்விடுமா? வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வழிமுறை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் ஜவுளிக்கடையிலும் பட்டறையிலும் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளிடம் சம்பள உயர்வு பற்றிப் பேசினால், சந்தோஷத்தோடு ஒரு பயமும் வரும். "இருபத்தோராயிரத்தைத் தாண்டினா இ.எஸ்.ஐ. நின்னுடுமாமே?" இ.எஸ்.ஐ. என்பது சம்பளத்தில் ஒரு சிறு பங்கு பிடித்து ஊழியருக்குத் தரும் அரசு மருத்துவக் காப்பீடு. மற்றவர்களுக்கு அந்த வரம்பு சரி. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வரம்பு மாதம் 25,000 ரூபாய். இது தெரியாமல் யாரும் உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

முதல் வேலை, யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இணையம் பழக்கமில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். ஆதார், புகைப்படம், பழைய மருத்துவச் சான்று இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். அட்டை வந்ததும் குறைபாட்டின் வகையையும் சதவீதத்தையும் சரிபாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் கடை இ.எஸ்.ஐ.க்குள் வருமா என்று பாருங்கள். பொதுவாகப் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் வரும். வயல் வேலைக்கும் நான்கு பேர் இருக்கும் சின்னக் கடைக்கும் இது கிடையாது. அவர்களுக்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது சம்பளச் சீட்டை எடுங்கள். கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவருக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் முடியாது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 20,000இலிருந்து 22,400 ஆகிறது. இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 168 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 728 ரூபாய். ஓவர்டைம் பணம் வரம்புக் கணக்கில் சேராது. இந்த 168 ரூபாய்க்கு அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. உடம்பு முடியாமல் லீவு போட்டால், ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்திருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகவும் வரும்.

முதலாளி தயங்கினால் ஒன்றைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கை, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து சொல்லப் போவதில்லை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. யு.டி.ஐ.டி. நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள்: "நான் மாற்றுத்திறனாளி; 25,000 ரூபாய் வரை எனக்கு இ.எஸ்.ஐ. தொடர வேண்டும், என் பதிவில் இதைச் சேர்க்கவும்." கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதச் சீட்டில் பிடித்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1800 11 2526 என்ற இ.எஸ்.ஐ. இலவச எண்ணில் கேளுங்கள்.

சரி, 25,000ஐயும் தாண்டிவிட்டால்? அன்றே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. மே மாதம் தாண்டினால் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். அந்த அரையாண்டில் கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அதற்குள் வேறு காப்பீடு பார்த்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

இ.எஸ்.ஐ. கிடைக்காதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம்: இ.எஸ்.ஐ. உங்கள் ஒருவர் சம்பளத்தைப் பார்க்கும். இது குடும்ப வருமானம் முழுவதையும் பார்க்கும். வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், மாதத்துக்குப் பத்தாயிரம்தான். நீங்கள் 6,000 சம்பாதித்து, மனைவி நடவு, களை என்று மாதம் சராசரி 3,500 கொண்டுவந்தால் உள்ளே இருக்கிறீர்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குங்கள். நடவு, அறுப்புக் காலக் கூலியைப் பன்னிரண்டு மாதத்தாலும் பெருக்கிவிடாமல், வேலை இல்லாத மாதங்களையும் அவரிடம் விளக்குங்கள். சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார் எல்லாவற்றோடும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று. அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னதும், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காட்டுங்கள். சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்கவேண்டியது அவர்கள் வேலை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இந்த அட்டை செல்லும்.