கொழும்பு – மாலே: நேரக் கணக்கு எங்கே தவறுகிறது?

கொழும்பில் காலை 7.00-க்குப் புறப்பாடு, மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 8.00-க்குத் தரையிறக்கம் என்று டிக்கெட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "ஒரு மணி நேரம்தானே" என்று தோன்றும். திரும்பும் டிக்கெட்டிலோ 9.00-க்குக் கிளம்பி 11.00-க்குச் சேர்கிறது. எதிர்க்காற்று என்று இதற்கு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. பாவம், காற்றின் மேல் பழி! மாலத்தீவுக் கடிகாரம் இலங்கையை விட அரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம்.

சென்னையிலிருந்து கொழும்பு வழியாகப் போகிறவர்களுக்கு, இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம் என்பதால் கொழும்பில் கைக்கடிகாரத்தைத் தொட வேலையில்லை. மாலேயில் அரை மணி பின்னால் தள்ளி வைப்பார்கள். வம்பு திரும்பும்போதுதான். அதை முன்னுக்குத் திருப்ப மறந்து, கொழும்பில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தால், சென்னை விமானத்தின் கேட் மூடிவிடும். சில ரிசார்ட்டுகள் தங்கள் தீவில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருக்கும். அங்கே படகு நேரம் சொன்னால், தீவு நேரமா மாலே நேரமா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து தூரம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கும் மாலேக்கும் நேர்கோட்டில் சுமார் 778 கிலோமீட்டர், அதாவது 420 கடல் மைல். இந்த 420-ஐச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டால் 100 கிலோமீட்டர் காணாமல் போகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 தான். அப்புறம், தூரத்தை 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து "55 நிமிடம்" என்று சொல்வதும் சரிப்படாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்காக வேகத்தைக் குறைப்பது எல்லாம் அந்த வகுத்தலில் இல்லை. குறுகிய பயணத்தில் இவையே பெரும் பங்கு.

கொழும்பு விமான நிலையம் கொழும்பில் இல்லை என்பது பலருக்குத் தெரியும். அது நீர்கொழும்பு பக்கம், நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

மாலத்தீவை வரைபடத்தில் ஒரு புள்ளியாக நினைப்பதுதான் பெரிய தவறு. வடக்கு நுனியிலிருந்து தெற்கு நுனி வரை அது 860 கிலோமீட்டர் நீளம், கொழும்பு–மாலே தூரத்தை விட அதிகம். தெற்கு நுனியில், அட்டூ பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள கான் விமான நிலையம் மாலேக்குத் தெற்கே 540 கிலோமீட்டர். ரிசார்ட் எந்தப் பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் மாலேக்கு டிக்கெட் போட்டால், இறங்கிய பிறகும் பாதிப் பயணம் மிச்சமிருக்கலாம். மாலேயிலிருந்து ரிசார்ட்டுகளுக்குப் பறந்து தண்ணீரில் இறங்கும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அவற்றை நம்பி, பொழுது சாயும் நேரத்தில் மாலேயில் இறங்குகிறவர், அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுலுமாலே தீவில் அறை தேட வேண்டியதுதான்.