இரண்டாவது களி உருண்டைக்கு முன் பத்து நிமிடம்

பாலக்கோட்டுக்காரன் நான். இரவில் களி என்றால் மூணு உருண்டை இறங்கிவிடும். கை கழுவிக் கால் மணி நேரத்தில் வயிறு கல்லாகிவிடும். சரி என்று ஒன்றோடு எழுந்தால், ஒன்பதரைக்கு மிக்சர் டப்பாவில் கை. அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதுதான் இது. களி கிண்டுவது உங்களுக்கே தெரியும்.

படி 1: களிக்கு முன் ஒரு கிண்ணம் கீரைக் கடைசலும் இரண்டு கரண்டி வெந்த மொச்சையும் தின்றுவிடுங்கள். மொச்சையின் புரதமும் நாரும்தான் படுக்கும்வரை தாங்கும். வெறும் புளிக்குழம்பு தாங்காது.

படி 2: ஒரே உருண்டை, ஆரஞ்சுப் பழ அளவில். அகலத் தட்டு வேண்டாம்; அதில் எவ்வளவு வைத்தாலும் கொஞ்சமாகவே தெரியும். எனக்குக் குழிக்கிண்ணம்தான்.

படி 3: நிறுத்துங்கள். நான் சறுக்கியது இங்கேதான். எங்கே பார்த்தாலும் ‘மென்று தின்னுங்கள்’ என்கிறார்கள். களியை மென்றால் எங்கள் ஆயா சிரிக்கும்! குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே களி? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வயிறு விரியும் செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சீக்கிரமே போய்விடுகிறது. ஆனால் சாப்பாடு சிறுகுடலைத் தொட்ட பிறகுதான் சிசிகே, ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து ‘போதும்’ என்கின்றன. பசியைக் கிளப்பும் கிரெலின் இறங்கவும் நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து சுமார் 20 நிமிடம். அதற்குள் என் மூணாவது உருண்டையும் உள்ளே போயிருக்கும்.

அதனால் முதல் உருண்டைக்கு அப்புறம் பத்து நிமிடம் சும்மா இருங்கள். படி 1-இல் போன நேரத்தோடு சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். செல்போனில் டைமர் வைத்த மூணு நாளும் வீடியோ பார்த்துக்கொண்டே அடுத்த உருண்டையைப் பிட்டிருந்தேன்.

பத்து நிமிடம் கழித்தும் பசித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ‘கருவாடு இருந்தால் இன்னொன்று போடலாம்’ என்று தோன்றினால் அது வயிறு கேட்பதில்லை. ஒரு ருசி திகட்டினாலும் வேறு ருசிக்கு நாக்கு இடம் கொடுக்கும். பந்தியில் கடைசியாகப் பாயசம் இறங்குவது அப்படித்தான்.

பிற்சேர்க்கை: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டின் அளவைக் குறைக்காதீர்கள், சர்க்கரை இறங்கிவிடலாம். ‘காத்திருந்தால் களி ஆறிவிடுகிறதே’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மிச்சத்தைச் சட்டியிலேயே மூடி வையுங்கள். வேண்டியிராவிட்டால் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது அதற்குத்தான் போட்டி.