நொய்யலை பொள்ளாச்சிக்கு அனுப்பிய வரைபடம்: தொடக்கப்பள்ளிப் புவியியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நொய்யல் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று மூன்றாம் வகுப்பில் கேட்டேன். சுவரில் கோவை மாவட்ட வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பையன் எழுந்து வந்து வெள்ளிங்கிரி மலையில் விரலை வைத்தான். அப்படியே கீழே இழுத்துப் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "தண்ணீர் கீழேதானுங்க டீச்சர் போகும்?"

அவன் சொன்னதில் பிழையில்லை. "மேலே வடக்கு, கீழே தெற்கு" என்று ஒரு வாரமாக ஒப்பிக்கவைத்தவள் நான்தான்.

புவியியல் பாடத்தில் நாம் செய்யும் முதல் தவறு, வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் திசையைத் தொடங்குவது. பெரியவர்களுக்கு வடக்கு மேலே இருப்பது ஓர் ஏற்பாடு. எட்டு வயதுக் குழந்தைக்கு மேலே என்றால் உயரம், கீழே என்றால் பள்ளம். போதாததற்கு நம் மொழி வேறு கணக்கு வைத்திருக்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. கொங்கு நாட்டில் அது கண்கூடு: கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஈரோடு சுமார் 180, கரூர் சுமார் 120. அந்தச் சரிவில்தான் நொய்யல் திருப்பூரைக் கடந்து கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்குத் திசை தெரியாது என்று நினைப்பது அடுத்த தவறு. தோட்டத்து வேலை சொல்லும்போது இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. கிழபுறத்து வரப்பு, தென்புறத்துத் தொட்டி என்றுதான் பேச்சு. கிரயப் பத்திரத்தில்கூடக் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி. இதைக் கேட்டு வளர்ந்த குழந்தையிடம் "வலது கை கிழக்கு" என்று சொல்லிக்கொடுத்தால், அது திரும்பி நின்றதும் கிழக்கும் சேர்ந்து திரும்பிவிடும்.

இப்போது நான் வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரிக்கிறேன், அதன் வடக்கு நிஜமான வடக்கைப் பார்க்கும்படி. குழந்தைகள் சுற்றி உட்காருகிறார்கள். சிலருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும், தெரியட்டும். வடக்கு மேலே இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது சொல்லாமலே புரிந்துவிடும். சுவருக்கு அது திரும்பிப் போக இரண்டு வாரம் ஆகும்.

நிழல் பாடத்தில் நான் வாங்கிய அடி தனி. "உச்சிவேளையில் நிழல் வடக்கே விழும்" என்ற குறிப்பை நம்பி, பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டேன். ஒரு சாண் நிழல், தெற்கே விழுந்தது! கோவை ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில்தான் குறிப்பு பலிக்கும். இங்கே ஜூன் மாதத்து உச்சியும் 12 மணிக்கு அல்ல, 12.20 சுமாருக்கு. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதும் மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான்.

"ஜூன் முதல் மழைக்காலம்" என்று எழுதிப்போடுவதும் இப்படித்தான். அந்த மாதங்களில் வால்பாறையில் கொட்டுகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றுதான் பிய்த்துக்கொண்டு போகிறது. சமவெளிக்குப் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில். குழந்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு நோட்டைப் பார்த்தால் எதை நம்பும்?

மாநிலத் தலைநகரங்களை மனப்பாடம் செய்யவைப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. கெடுதல் இல்லை, புவியியலும் இல்லை.

பழைய தவறைத் திருத்தப் போய் நான் புதிதாக ஒன்றைச் செய்தேன். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஈர மணலைக் குவித்து மலையாக்கி, உச்சியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் கிழக்கே வழிந்தது. "பார்த்தீர்களா, நம் ஆறுகள் எல்லாம் கிழக்கே போகும்" என்று சொல்லி முடித்தேன். ஆழியாற்றுப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுமி, "எங்கள் ஆறு கேரளாவுக்குப் போகுதுங்க டீச்சர்" என்றாள். உண்மைதான். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு வடமேற்காக ஓடி, பாரதப்புழையின் கிளையாற்றில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகிறது.

"மலை மேல் எப்படி ஏறும்?" என்று பையன் கேட்டான். நொய்யலை பொள்ளாச்சிக்கு அனுப்பினானே, அதே பையன். நான் வாய் திறக்கும் முன்பே அந்தச் சிறுமி மணல் மேட்டின் நடுவில் கையை விட்டு ஒரு வழி பறித்தாள். பாலக்காட்டுக் கணவாய். ஆடிக் காற்று நம் பக்கம் நுழைவதும் அந்த வழியாகத்தான் என்று மட்டும் சொன்னேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் இரண்டு பேர் சொம்போடு குழாயடிக்கும் மணலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.