போன் போதும், காசை மைக்குல போடுங்க: டர்பன்ல வீடியோ பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறது எப்படி

1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பனுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் கரும்புத் தோட்ட வேலைக்கு எத்தனையோ கப்பல்ல நம்ம ஆளுங்க வந்தாங்க, அவங்க கொண்டுவந்த தமிழை இன்னைக்கும் வாய் நிறைய பேசுறது வயசான பாட்டி தாத்தாக்கள்தான். அந்தப் பேச்சை பாட்காஸ்ட்டா, அதாவது ஆன்லைன்ல எபிசோடு எபிசோடா போடுற பேச்சு நிகழ்ச்சியா, எடுத்து வைக்க விரும்புறவங்களுக்குத்தான் இது. முதல்ல அவங்ககிட்ட, ஆன்லைன்ல போடலாமான்னு தெளிவா கேட்டுடுங்க.

முதல் வேலை சவுண்ட். படம் சுமாரா இருந்தாலும் பாப்பாங்க, குரல் எதிரொலிச்சா உடனே போயிடுவாங்க. ஆளுக்கொரு காலர் மைக், வாய்க்கு ஒரு சாண் கீழ, தாலிச் செயினோ சேலை மடிப்போ உரசாம மாட்டுங்க. டைல்ஸ் போட்ட ஹால் வேண்டாம், மெத்தையும் கர்ட்டனும் உள்ள பெட்ரூம்தான் நல்லது. ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டா அதை ஆஃப் பண்ணிட்டு கார் சாவியை உள்ள வச்சிடுங்க, திரும்ப ஆன் பண்ணாம கிளம்ப முடியாது.

அடுத்து போன். பின்பக்க கேமரா, படுக்கை வாக்குல, 1080பி, ஏரோப்ளேன் மோட். இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடின்னு வைங்க, இல்லன்னா சில லைட்டுக்குக் கீழ படம் மினுக்கும். லோட்ஷெட்டிங்னு கரண்ட்டை நிறுத்தினாலும் நிக்காம இருக்க பவர் பேங்க் பக்கத்துல இருக்கட்டும்.

மைக் தனியா ரெக்கார்ட் ஆகுதுன்னா ஆரம்பத்துல ஒரு தடவை கை தட்டுங்க, எடிட்ல அந்தச் சத்தத்தை வச்சு படத்தையும் குரலையும் சேர்த்துடலாம். எடிட் பண்ண டாவின்ச்சி ரிசால்வ்ங்கிற சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷனே தாராளம். பாட்டி யோசிக்கிற இடைவெளியை மட்டும் வெட்டாதீங்க, அடுத்து வர்ற வார்த்தை அங்கேர்ந்துதான் வருது. சவுண்ட் லெவல் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தம் எவ்வளவுன்னு அளக்குற யூனிட்) பக்கம் இருக்கட்டும்.

இனி வெளியிடுறது. யூடியூப் ஸ்டுடியோல புது பாட்காஸ்ட்னு ஒரு பிளேலிஸ்ட் உருவாக்கி எபிசோடுகளை அதுல சேருங்க, 15 நிமிஷத்துக்கு மேல போகணும்னா போன் நம்பர் வெரிஃபை பண்ணணும். டிஸ்கிரிப்ஷன்ல 0:00லேர்ந்து ஆரம்பிச்சு குறைஞ்சது மூணு நேரக்குறிப்பு போட்டா வீடியோ சாப்டரா பிரியும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ்லயும் அதே வீடியோவை ஏத்தலாம். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸுக்கு ஆர்எஸ்எஸ் ஃபீட்ல (புது எபிசோடை பாட்காஸ்ட் ஆப்புகளுக்குத் தானா கொண்டுபோற லிங்க்) ஆடியோ போனாலே போதும், கவர் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணி செலவு பண்றவங்களுக்கு ஆடியோதான் சௌகரியம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு நிமிஷ கிளிப்பும் லிங்க்கும் அனுப்புங்க.

ஏத்தி முடிச்சதும் ஒரிஜினல் ஃபைலை அழிச்சிடாதீங்க, யூடியூப்ல இருக்கிறது சுருக்கின காப்பிதான். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு, ஒண்ணை வேற வீட்டுல வைங்க.