மீனுக்கு நோய் என்றால் மருத்துவரிடம் முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள்

மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருத்துவம் பார்ப்பவர்கள் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் கோல்ட் பிஷ்ஷைக் கையிலெடுத்துப் பார்த்த மருத்துவர் பக்கத்தில் கிடைப்பது அரிது என்பதால், காணொளி அழைப்பிலும் வாட்ஸ்அப்பிலும் ஆலோசனை பெறுவதே நம்மில் பலருக்கு வழியாக உள்ளது. கட்டணம் செலுத்துமுன் அவருடைய கால்நடை மருத்துவப் பதிவு எண்ணையும், மீன்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதில் தவறில்லை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன் நோயியல் படித்தவர்களும் தண்ணீர், தீவனம், பராமரிப்பு குறித்து நல்ல வழி சொல்வார்கள்.

என் மீன்கள் ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபோது, பதறிப்போய் மூன்று படங்களை மட்டும் அனுப்பினேன். "வடிகட்டிப் பஞ்சை எப்போது, எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?" என்ற ஒரே கேள்விதான் பதிலாக வந்தது. முந்தைய நாள்தான் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்திருந்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய் நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிட, நோயே இல்லாத மீன்கள் நோயாளியைப் போலத் துடித்தன.

ஆகவே அழைப்புக்கு முன்பே அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஆகிய நான்கையும் சோதித்து எழுதிவையுங்கள். வண்ண மீன் கடைகளில் விற்கும் சொட்டுச் சோதனைப் பெட்டிகள் பலவற்றில், அம்மோனியா இல்லையென்றால் சோதனைக் குழாயிலுள்ள நீர் மஞ்சளாகவே நிற்கும். பச்சை தட்டினால் அதுவே பாதி நோயறிதல். கூடவே, தொட்டியில் ஊற்றுவது சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். நாம் வீட்டில் "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று பிரிப்பது மீனுக்கு இன்னும் முக்கியம். திருப்பூர், ஈரோடு பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, பிஎச் அளவும் உயர்ந்திருக்கக்கூடும். ஒரே அளவு அம்மோனியா பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் சுமார் 10 மடங்கு நஞ்சாகும் என்பதால், வெளியூர் மருத்துவருக்கு இந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும்.

தொட்டியின் கொள்ளளவை ஊகித்துச் சொல்லக் கூடாது. நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர், அதில் கூழாங்கல் அடைத்த இடத்தைக் கழிக்க வேண்டும். மருந்தின் அளவு இதை வைத்துத்தான் முடிவாகும்.

படத்துக்கு பிளாஷ் வேண்டாம்; கண்ணாடியைத் துடைத்து, பக்கவாட்டிலிருந்து எடுங்கள். செவுள் மூடி அசைவது தெரியும்படி ஒரு நிமிடக் காணொளி, பத்துப் படங்களைவிட உதவும். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே ஊற்றிய நீல மருந்து, கல்லுப்பு, ஆன்டிபயாடிக் எதையும் மறைக்காதீர்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

வெண்புள்ளி நோயைப் படத்திலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். செவுளில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். மருத்துவர் மீனை நேரில் கேட்டால், காற்று நிரப்பிய பையில் தொட்டித் தண்ணீரோடு உயிருடன் கொண்டு செல்வதே சிறந்தது. மீன் இறந்துவிட்டால் உடனே பாலிதீன் பையில் கட்டிப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். பிரீசரில் உறைந்துவிட்டால் திசுக்கள் சிதைந்து சோதனைக்குப் பெரும்பாலும் உதவாது.